தவக்காலத்தில் வந்த பதில்

காக்ஸ் டவுன், பெங்களூரு
16 ஜனவரி 2024

அன்பு சிஸ்டர் அன்னாவுக்கு,

இயேசுவின் இனிய பெயரால் அக்கா டோரதி எழுதுவது. நானும் உன் அத்தானும் மகள் ஷோபாவும் நலம். ஏற்காட்டுக் குளிரில் உனக்கு மூச்சிரைப்பு வராமல் இருக்கிறதா? எனக்கு முழங்கால் வலி போன வருஷம் எப்படியோ அப்படியே. இந்தக் காலத்தில் இங்க் பேனாவால் கடிதம் எழுதுகிற ஒரே மனுஷி நான்தான் என்று தபால்காரர் கேலி செய்கிறார். என் தங்கை இருக்கிற அடைப்பு மடத்தில் போன் கிடையாது, கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று வருஷத்துக்கு இரண்டு தடவைதான் முகம் காட்டுவாள் என்று சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். இருபத்திரண்டு வருஷமாக உன்னால் எனக்குக் கிடைக்கிற மரியாதை இது.

ஷோபாவின் கல்யாணம் ஏப்ரல் 22. தவக்காலத்தில் கல்யாணம் கூடாதே, அதனால் ஈஸ்டர் முடிந்த பிறகு. மாப்பிள்ளை ரித்விக், அவன் அப்பா அலெக்சாண்டர் பக்கத்துத் தெருக்காரர், எங்கள் அன்பியத்துக்காரர். அழைப்பிதழின் உச்சியில் 'அருட்சகோதரி அன்னாவின் ஆசியுடன்' என்று போடப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்பியக் கூட்டம் நம் வீட்டில். அக்கம்பக்கத்தில் பத்துக் குடும்பம் கூடி நற்செய்தி படித்துப் பேசுவோம், நான்தான் தலைவி. இரண்டு சீடர்கள் இயேசுவிடம் எங்கே தங்கியிருக்கிறீர் என்று கேட்க, அவர் வந்து பாருங்கள் என்கிறாரே, அந்த வாசகம். உன் அத்தான் டென்சில் கூட்டத்தில் வாய் திறந்து நீ கேட்டிருக்கமாட்டாய். அன்றைக்குத் திறந்தார். "ஒருத்தர் எங்க இருக்காங்கன்னு போய்ப் பாக்கறவரைக்கும், அவங்களப் பத்தி நாம பேசறதெல்லாம் சும்மா பேச்சு" என்றார். எல்லோரும் ஆஹா என்றார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. பேசாத மனுஷன் பேசினால் எதற்கோ அடி போடுகிறார் என்று அர்த்தம்.

உன் செபத்தில் எங்களை மறக்காதே.

அன்புள்ள அக்கா,
டோரதி


ஏற்காடு
2 பிப்ரவரி 2024

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவரின் அமைதி உன் வீட்டில் தங்குவதாக. நான் சுகம். மூச்சிரைப்பு இந்த வருஷம் இல்லை. உன் முழங்காலுக்கு விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்.

கல்யாணச் செய்தி கேட்டு மனது நிறைந்தது. ஷோபாவைத் தூக்கி வைத்திருந்த ஞாபகம்தான் எனக்கு இருக்கிறது. ஆனால் அக்கா, அழைப்பிதழில் என் பெயர் வேண்டாம். பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என்னை உச்சியில் வைத்தால் எனக்குத் தலை சுற்றும். கேலியாகச் சொல்லவில்லை, தயவுசெய்து எடுத்துவிடு.

அத்தான் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த இரண்டு சீடர்களும் அவர் தங்கியிருந்த இடத்தில் என்ன பார்த்திருப்பார்கள் என்று நான் நிறைய யோசிக்கிறேன். ஒரு பாயும் ஒரு பானையும் இருந்திருக்கும். ஏமாந்துபோயிருப்பார்கள். இருந்தும் அன்று முழுக்க அவரோடு தங்கினார்கள்.

சாம்பல் புதன் வருகிறது, தவக்காலம் தொடங்கிவிடும். உனக்குத் தெரியுமே, ஈஸ்டர்வரை இங்கிருந்து கடிதம் வராது. அத்தானை நன்றாகப் பார்த்துக்கொள். அவர் நல்லவர்.

செபத்துடன்,
அன்னா


காக்ஸ் டவுன்
17 பிப்ரவரி 2024

அன்பு சிஸ்டர் அன்னாவுக்கு,

தவக்கால வணக்கம். எல்லோரும் நலம், என் மனசைத் தவிர. பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வருஷாவருஷம் இந்த நாற்பது நாளில் உனக்கு எழுதுவது பாவசங்கீர்த்தனம் மாதிரி, அந்தப்பக்கத்திலிருந்து திட்டு வராத பாவசங்கீர்த்தனம்.

சாம்பல் புதனன்று காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். நான் அதை அன்றைக்கெல்லாம் அழிக்கமாட்டேன். உன் அத்தான் வந்ததும் வராததுமாக முகத்தைத் தேய்த்துக் கழுவினார். ஷேவ் செய்தார். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரினார். பவுடர் வேறு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான் கட்டி வைத்த மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, "ஒரு வேலை இருக்கு, வந்துடறேன்" என்று கிளம்பினார். ரிட்டயர் ஆனவருக்கு என்ன வேலை? ஷோபா சிரிக்கிறாள்: "மம்மி, இன்னைக்குத் தேதி பதினாலு. லவ்வர்ஸ் டே!"

நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமையும் அதே எண்ணெய், அதே பவுடர், அதே டப்பா. அப்புறம் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் டிசம்பர் மாதத்திலிருந்தே வாரம் ஒருநாள் இரண்டுநாள் இப்படி எங்கோ போய்வந்துகொண்டுதான் இருக்கிறார். நான் ஏதோ பென்ஷன் அலுவலகம் என்று நினைத்து விட்டுவிட்டேன். எங்கே என்று கேட்டால், "சொல்றேன், கொஞ்சம் பொறு" என்கிறார். இருபத்தெட்டு வருஷம் என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாமல் இருந்தவர்.

உலகமே பட்டினி கிடக்கிற காலத்தில் மாப்பிள்ளைக் கோலம் போடுகிறவரை நீயே என்னவென்று சொல்.

வேண்டுதல் கேட்கும்
டோரதி


காக்ஸ் டவுன்
1 மார்ச் 2024

சிஸ்டர் அன்னாவுக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லை, மன்னித்துக்கொள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நெருப்பு பொம்மனஹள்ளியில் இருக்கிறது.

சட்டைப் பையில் பொம்மனஹள்ளி பஸ் டிக்கெட் இருந்தது. ஊரின் அந்தக் கோடியில் நமக்கு நாய் பூனைகூடச் சொந்தம் இல்லை. பக்கத்து வீட்டு விஜி அங்கே துணி ஃபேக்டரியில் சூப்பர்வைசர். புதன்கிழமை சாயங்காலம் அவளாகவே வந்தாள். தயங்கித் தயங்கி, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நம்ம அண்ணன அங்க லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல பாத்தேன். ஒரு பொம்பளகிட்ட டப்பா குடுத்தாரு. சுடிதார் போட்டிருந்தாங்க, முடி ஆம்பளப் பசங்க மாதிரி ஒட்ட வெட்டி. டப்பாவத் தெறந்து மோந்து பாத்துட்டு அந்தம்மா அழுதுச்சு. அண்ணன் சும்மா நின்னுட்டிருந்தாரு" என்றாள்.

நான் விடிகாலையில் எழுந்து அரைத்து வைத்த குழம்பு. அதை மோந்து பார்த்து அழ எவளோ ஒருத்தி!

டப்பா ஒரு பருக்கை இல்லாமல் காலியாக வருகிறது. ஆனால் இவருக்குச் சட்டை தொளதொளக்கிறது, கன்னம் ஒட்டிவிட்டது. ஆசை பிடித்தவன் இளைப்பான் என்று அம்மா சொல்வாள். போன ஞாயிறு மலைமேல் இயேசுவின் உடை வெள்ளைவெளேரென்று மாறிய வாசகம். எனக்கு இவர் சட்டைதான் கண்ணில் நின்றது. அதற்கு நீலம் போடுகிறவளும் நான்தானே.

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. நீ வேண்டாம் என்றாலும் உன் பெயரை உச்சியில் போட்டிருக்கிறேன். இந்த வீட்டில் பெருமைப்பட இனி அது ஒன்றுதான் மிச்சம். மார்ச் பத்தாம் தேதி அன்பியம் சம்பந்தி வீட்டில். தீமை செய்கிறவன் ஒளிக்கு வரமாட்டான் என்கிற வாசகம். அங்கே எல்லோர் முன்னாலும் கேட்கப்போகிறேன்.

டோரதி


ஏற்காடு
7 மார்ச் 2024

அன்பு அக்கா,

இயேசுவின் பொருட்டு ஒரு நிமிஷம் பொறு. நான் நலம், என்னைப் பற்றி ஒன்றும் இல்லை.

அன்பியத்தில் எதுவும் கேட்காதே. அத்தான்மேல் ஒரு குற்றமும் கிடையாது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீ படிக்கப்போகிற அதே வாசகத்தில், கடவுள் மகனை உலகுக்கு அனுப்பியது தண்டனைத் தீர்ப்பு அளிப்பதற்கு இல்லை என்றும் வருகிறது. அதையும் படி. ஈஸ்டர்வரை, இல்லை, கல்யாணம்வரை பொறுத்துக்கொள். எல்லாம் தானாகத் தெளியும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அவசரத்தில்,
அன்னா


காக்ஸ் டவுன்
12 மார்ச் 2024

சிஸ்டர் அன்னாவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்பியம் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது.

கேட்டுவிட்டேன். அலெக்சாண்டர் வீட்டு ஹாலில், பதினெட்டு பேர் முன்னால். "வெளிச்சத்துக்கு வராதவங்க யாருன்னு நான் சொல்லவா? பொம்மனஹள்ளி ஹாஸ்டல்ல யாரு இருக்கா, இவரையே கேளுங்க" என்றேன். உன் அத்தான் எழுந்து நின்றார். "நான் தப்பு எதுவும் பண்ணல டோரதி. ஆனா சொல்ல முடியாது. வாக்கு குடுத்திருக்கேன்" என்றார். யாருக்கு என்றேன். "அதையும் சொல்ல முடியாது" என்றார். அவ்வளவுதான். விசாரணையில் நின்ற இயேசு மாதிரி அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அலெக்சாண்டர் காபி தம்ளரைக் கீழே வைத்தார். "சம்பந்தியம்மா, மொதல்ல உங்க வீட்டுச் சங்கதியச் சரி பண்ணுங்க. கல்யாணத்த அப்புறம் பேசுவோம்." ஷோபா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

பெரிய வியாழனன்று ஃபாதர் கால் கழுவுகிற பன்னிரண்டு பேரில் நம் அன்பியத்தின் சார்பில் இவர் பெயர் இருந்தது. கோவிலுக்குப் போய் நானே அதை எடுக்கச் சொன்னேன்.

உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முதலில் அழுதேன். அப்புறம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷத்தில் தவக்காலத்தில் உன்னிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை. அம்மா செத்ததே தவக்காலத்தில்தான். அதற்கே ஈஸ்டர் முடிந்துதான் எழுதினாய். இப்போது மட்டும் அனுமதி எப்படிக் கிடைத்தது? குற்றமற்றவர் என்று மலைமேல் கம்பிக்குள் இருக்கிற உனக்கு யார் சொன்னது? அவர் உனக்கு எழுதுகிறாரா? அந்தப் பெண்ணை உனக்கும் தெரியுமா?

இவ்வளவு கேட்பதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பதில் சொல்.

டோரதி


காக்ஸ் டவுன்
23 மார்ச் 2024

அன்பு சிஸ்டர் அன்னாவுக்கு,

நீ நலமா? பதில் காணோம். மடத்துச் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

வேறு விஷயம் ஒன்றும் இல்லை, சும்மா விசாரிக்கத்தான் எழுதுகிறேன். அங்கே குளிர் விட்டதா? தோட்டத்தில் ரோஜா பூத்ததா? இங்கே வெயில் கொளுத்துகிறது. காவிரித் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான். பொம்மனஹள்ளிப் பக்கம் இன்னும் மோசமாம், டேங்கர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்களாம், ஹாஸ்டல் பெண்கள்கூட.

நேற்று வெள்ளிக்கிழமை மாங்காய் போட்டு மொச்சைக் குழம்பு வைத்தேன், நீ சின்ன வயசில் தட்டை வழித்துச் சாப்பிடுவாயே, அது. உப்பு கொஞ்சம் தூக்கலோ என்று எனக்குச் சந்தேகம். சாப்பிட்டவர்கள் யாராவது சொன்னால்தானே தெரியும்.

நாளை குருத்தோலை ஞாயிறு.

டோரதி


பொம்மனஹள்ளி, பெங்களூரு
28 மார்ச் 2024, பெரிய வியாழன்

அக்கா,

வணக்கம் சொல்லித் தொடங்க எனக்குத் தகுதி இல்லை. இடத்தின் பெயரைப் பார்த்திருப்பாய். உப்பு சரியாக இருந்தது.

மடத்தை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகிறது. போன நவம்பரில் வந்தேன். யாரும் விரட்டவில்லை, சண்டை எதுவும் நடக்கவில்லை. நாலைந்து வருஷமாகவே செபம் என் வாயில்தான் இருந்தது. முழந்தாளில் நிற்பேன், அக்கா என்னைப் பற்றி இப்போது யாரிடம் பெருமை பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். அந்த நினைப்பில்தான் அத்தனை நாள் அங்கே இருந்தேன். கடைசியில் மடத்துத் தலைவித் தாயாரிடம் சொன்னேன். அவர்கள் அழுது, ஆசி கொடுத்து அனுப்பினார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி அத்தானுக்குத்தான் போன் செய்தேன். அவர் தன் பழைய ஃபேக்டரி நண்பர் முனியப்பன் மூலமாக இந்த ஹாஸ்டலில் வார்டன் வேலை பிடித்துக் கொடுத்தார். துணி ஃபேக்டரிப் பெண்கள் அறுபது பேர். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு ஊர் ஞாபகம், ஒருத்திக்குப் புருஷன் தொல்லை. இங்கே என் செபம் தானாக வருகிறது. தண்ணி லாரி வரிசையில்கூட வருகிறது.

கல்யாணம் முடிகிறவரை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அத்தானிடம் சத்தியம் வாங்கினேன். 'மடத்திலிருந்து ஓடி வந்தவளா உன் தங்கை' என்று சம்பந்தி வீட்டில் உன்னை யாரும் கேட்கக்கூடாது என்றேன். அதில் பாதிதான் உண்மை. உன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பயம்.

உன் கடிதங்கள் மடத்துக்குப் போகும். வாசல் பார்க்கும் சிஸ்டர் லவினா அவற்றை எனக்குத் திருப்பி அனுப்புவார். என் பதிலையும் அவர்தான் அங்கிருந்து தபாலில் போடுவார். இந்த மாதம் ஏழாம் தேதி பதறிப்போய் இங்கிருந்தே போட்டுவிட்டேன்.

நாளை பாடுகளின் வாசகம். பேதுரு குளிர் காய்ந்துகொண்டே, சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை இயேசுவைத் தெரியாது என்று சொல்கிற இடம் வரும். அலெக்சாண்டர் வீட்டு ஹாலில் என் பழியை அத்தான் சுமந்து நின்றார். நான் 'ஏற்காடு' என்று தலைப்புப் போட்டு உனக்கு நற்செய்தி விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் வந்து நடந்ததை என்னிடம் சொல்லவும் இல்லை. உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "அதை விடும்மா, சாப்பிடு" என்றார்.

நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். என் பெயரை அடித்துவிடு. அன்பியத்தில் அத்தானைப் பற்றிய உண்மையை மட்டும் சொல்லிவிடு.

உன்
அன்னா


காக்ஸ் டவுன்
8 ஏப்ரல் 2024

அடியே அன்னா,

உயிர்த்தெழுந்தவர் உனக்கும் எனக்கும் நல்ல புத்தி கொடுக்கட்டும். உன் கடிதம் ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை வந்தது. இதைப் பொம்மனஹள்ளி விலாசத்துக்கே எழுதுகிறேன்.

எனக்கு முன்பே தெரியும். தவக்காலக் கடிதத்தின் கவரை எடுத்து முத்திரையைப் பார்த்தேன், பொம்மனஹள்ளி என்று இருந்தது. மார்ச் இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, அத்தான் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் நானும் வந்தேன். ஹாஸ்டலுக்கு எதிரே மெடிக்கல் ஷாப் நிழலில் நின்றேன். சுடிதாரும் ஒட்ட வெட்டிய தலையுமாக நீ படியில் உட்கார்ந்து என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாய். கம்பி இல்லாமல் உன் முகத்தை இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஓங்கி அறையவும் இருந்தது. எல்லோரும் கும்பிட்ட என் தங்கை, பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலைச் சூப்புகிறாளே என்று வெட்கமாகவும் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ரோட்டைத் தாண்டவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் அந்த விஷமக் கடிதத்தை எழுதினேன். நீயாகச் சொல்கிறாயா பார்ப்போம் என்று. இதைக் கேள் அன்னா, இதுதான் என் பாவம். அவர் குற்றமற்றவர் என்று கண்ணால் பார்த்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் கதையும் வெளியே வருமே, அழைப்பிதழின் உச்சி என்னாவது? பெரிய வியாழனன்று அவர் உட்கார வேண்டிய நாற்காலியில் வேறொருவர் காலை நீட்டிக்கொண்டிருந்தார். உன் அத்தான் கடைசி பெஞ்சு வரிசையில் நின்று பார்த்தார். நான் அவர் பக்கத்திலேயே நின்று பாட்டுப் பாடினேன். நீ ஒரு பேதுரு என்றால் நான் இன்னொரு பேதுரு. சேவல் கூவி ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குக் காது கேட்டது.

நேற்று அன்பியம், தோமாவின் வாசகம். காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறவன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நான் மறைத்ததையும் சேர்த்து. ஒரு அம்மாள், "அய்யய்யோ, மடத்த உட்டுட்டா வந்துட்டாங்க?" என்று வாயில் கை வைத்தாள். "ஆமாங்க. அறுபது பொண்ணுங்களுக்குத் தாயா இருக்கா" என்றேன். அலெக்சாண்டர் எழுந்து போய் உன் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, என்னை மன்னிச்சுடுங்க. இருபத்திரெண்டாம் தேதி அந்தத் தங்கச்சி வரணும், சொல்லிட்டேன்" என்றார். அழைப்பிதழில் உன் பெயரை அடிக்கப்போவதில்லை. யாரென்று கேட்பவர்களுக்கு ஷோபாவின் சித்தி என்று சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் தனியாகச் சொன்னேன், "எனக்கு ரெண்டு வாரமாவே தெரியும். தெரிஞ்சும் உங்கள நிக்க வெச்சேன்" என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு பஸ்ஸு பூரா மொச்சைக் குழம்பு வாசனை. தெறந்துகூடப் பாக்கல நான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் நான் கட்டிக் கொடுத்தது ஒரே டப்பா. அதை உன்னிடம் கொடுத்துவிட்டு இவர் என்ன சாப்பிட்டார்? நோன்பு இருந்தால் தலைக்கு எண்ணெய் வை, முகம் கழுவு, வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்று சாம்பல் புதன் வாசகத்தை அன்பியத்தில் நானேதான் படித்து விளக்கினேன். பதினெட்டு பேர் தலையாட்டினார்கள். கேட்டு நடந்தவர் ஒருத்தர்தான். அவரைத்தான் நான் பவுடர் போட்டதற்காகச் சந்தேகப்பட்டேன்.

அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். என் தலையில் கை வைத்து, "சரி, போதும் எழுந்திரு. புதன்கிழமை மூணு டப்பா கட்டு டோரதி. எனக்கும் பசிக்குது" என்றார்.

புதன்கிழமை பத்தரை பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். வாசலில் நின்று என்னைக் கூப்பிடு. ரோட்டைத் தாண்டி வந்து நீ தங்கியிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா,
டோரதி